சறுக்கிவிட்டதும் சறுக்கவிட்டதும்

"எல்லையோரப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் அரைகுறை" என்னும் வாக்கியத்தைக் கல்விப்புலத்தில் இருப்போர் மிக எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் எனப் பாலக்காட்டு எல்லையிலும், பூப்பாறை, சூரியநெல்லி, வண்டிப்பெரியாறு என இடுக்கி மலையிலும் தமிழை வீட்டிலும் மலையாளத்தைக் கடைவீதியிலும் ஆங்கிலத்தைத் தேர்வுத்தாளிலும் வைத்துக்கொண்டு வளரும் பிள்ளைகளைப் பற்றிய வாக்கியம் அது. சொல்வோர் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. பெரும்பாலும் பரிவோடுதான் சொல்கின்றனர். ஆயினும் அது பிழையான கூற்று என்பது என் துணிபு. அதற்கான சான்றை நான் எடுக்கப்போகும் இடம் சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கலாம்: இப்பிள்ளைகள் இரவில் கைபேசியில் ஆடும் கார்ப் பந்தய விளையாட்டு. பதிவு நீண்டது, பொறுமை வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வு இவ்வூர்களின் மொழிக்கலப்பைப் பற்றியது. ஆய்வுக்கான பேச்சைத் திரட்டப் போகும் வீடுகளில் திண்ணையின் ஒரு மூலையில் எப்போதும் இரண்டு மூன்று இளைஞர்கள் கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடித்தபடி இருப்பார்கள். பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வந்த எனக்கு அவர்களின் குரல் முதலில் இடையூறாகத்தான் பட்டது. பிறகு, பெரியவர்களின் பேச்சைவிட அதில்தான் மொழி மும்முரமாக வேலை செய்கிறது என்று தோன்றியது. அவர்கள் ஆடுவது பெரும்பாலும் 'கார்எக்ஸ் டிரிஃப்ட் ரேசிங் 2'. 2018-இல் வந்த கைபேசி விளையாட்டு, இலவசமாகக் கிடைக்கும். கணினியோ எக்ஸ்பாக்ஸோ உள்ளவர்கள் 'ஃபோர்ஸா ஹொரைசன் 5', 'அசெட்டோ கோர்சா' என்று போவார்கள், அவர்கள் சிலரே. இவற்றில் எதன் பட்டியலும் தமிழில் இல்லை, மலையாளத்திலும் இல்லை.

டிரிஃப்ட் என்றால் என்ன என்பதை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைவில் வண்டி திரும்புவது டயர் சாலையைப் பற்றுவதால். அந்தப் பற்றுக்கு ஓர் எல்லை உண்டு. முன்சக்கரங்கள் அவ்வெல்லையை முதலில் கடந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேரே போய் வளைவின் வெளிப்புறத்தில் மோதும். பின்சக்கரங்கள் முதலில் கடந்தால் பின்புறம் வெளியே வீசப்பட்டு, வண்டி தன்னைத்தானே சுற்றத் தொடங்கும். முன்னதை ஆங்கிலத்தில் அண்டர்ஸ்டியர் என்றும் பின்னதை ஓவர்ஸ்டியர் என்றும் சொல்வர். டிரிஃப்ட் என்பது இரண்டாவதை வேண்டுமென்றே வரவழைத்து, அது முழுச் சுற்றாக ஆகிவிடாமல் எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைப் பிடித்தும் ஆக்சிலேட்டரை அளந்து கொடுத்தும், வண்டி பக்கவாட்டாகச் சாய்ந்த கோணத்திலேயே வளைவு முழுவதையும் கடப்பது. விபத்தின் முதல் நொடியை நீட்டிப் பிடித்து அதற்குள்ளேயே ஓட்டுவது என்றும் சொல்லலாம்.

இனி மொழிக்கு வருகிறேன்.

தமிழில் டிரிஃப்டுக்குச் சொல் இல்லை என்று ஒருவர் சொன்னால், அடுத்த நொடியில் இன்னொருவர் 'சறுக்கோட்டம்' என்றோ 'நழுவோட்டம்' என்றோ ஒன்றைச் செய்து தருவார். நம் கலைச்சொல் மரபு அப்படிப் பழகிவிட்டது: ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் இருந்தால் தமிழிலும் ஒரு பெயர்ச்சொல் வேண்டும். திண்ணை இளைஞர்களிடம் அப்படியொரு பெயர்ச்சொல் இல்லை. 'டிரிஃப்ட்' என்றே சொல்கிறார்கள். ஆனால் வண்டிக்கு என்ன நேர்ந்தது, வண்டியை என்ன செய்ய வேண்டும் என்று பேசும்போது 'டிரிஃப்ட்' அநேகமாக வருவதே இல்லை, வினைகள் வருகின்றன. அவையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுக்கொள்ளக்கூடிய வினைகள் அல்ல.

'வழுக்குது' என்றால் குறை தரையில் இருக்கிறது: ஈரச் சாலை, பனி, மணல். 'சறுக்குது' என்றால் வண்டி ஒரே சீராக, தொடர்ச்சியாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அது நல்லதாகவும் இருக்கலாம். 'நழுவுது' என்றால் பிடி கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. இன்னும் மீட்டுக்கொள்ள நேரம் உண்டு. 'வாரிருச்சு' என்றால் அடியில் இருந்த ஆதாரம் ஒரே நொடியில் போய்விட்டது; மீட்க முடியாது. பாசி வழுக்கும், மலைச்சரிவில் கல் சறுக்கும், கைப்பிடி நழுவும், மணலில் பைக் வாரிவிடும் என்று நம் எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடுகள்தாம் இவை. இவற்றோடு மலையாளத்திலிருந்து 'தென்னி', 'பாளி' என்னும் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. பாலக்காட்டுப் பக்கத்துப் பையன்களிடம் 'பாளிப்போச்சு' என்பது வண்டி குறித்த கோட்டை விட்டு விலகியதைக் குறிக்கிறது. சறுக்கல் அதில் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தமிழில் அதற்கு ஒரே வினையாக உடனே எனக்கு எதுவும் தோன்றவில்லை. இதைக் கலப்பு என்று குறைசொல்வதா, தேவைப்பட்ட இடத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிக்கொண்ட கருவி என்று சொல்வதா?

அண்டர்ஸ்டியருக்கு இவர்கள் சொல்வது: "முன்னாடி கேக்க மாட்டேங்குது." கேட்டல் என்பது இங்கே பணிதல். ஸ்டியரிங்கை ஒடிக்கிறோம், வண்டி கேட்கவில்லை. ஓவர்ஸ்டியருக்கு: "வால் முந்துது." பின்னே வரவேண்டியது முன்னே வரப் பார்க்கிறது. இரண்டும் முழுமையான இயந்திரவியல் கூற்றுகள். எந்தச் சக்கரத்தில் சிக்கல் என்பதைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. ஆங்கிலச் சொற்களில்கூட இது வெளிப்படையாக இல்லை; 'குறைவாகத் திரும்புதல்', 'மிகையாகத் திரும்புதல்' என்பவை விளைவைச் சொல்கின்றனவே தவிர இடத்தைச் சொல்வதில்லை.

டியூனிங்கின்போது இந்த வேறுபாடு பயன் தருகிறது. இணைய அறையில் ஒருவன் தன் வண்டி "மழையில வழுக்குது" என்றால் மற்றவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். தரையை டியூன் செய்ய இயலாது. "கேக்க மாட்டேங்குது" என்றால் முன்சக்கரத்தின் காற்றைக் குறைக்கச் சொல்வார்கள், முன் ஸ்பிரிங்கை இளக்கச் சொல்வார்கள், சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும்படி கேம்பரைக் கூட்டச் சொல்வார்கள். "திடீர்னு வாருது" என்றால் பேச்சு பின்னச்சுக்குப் போகும். வினைதான் நோயறியும் கருவி. ஒரு வினை மாறினால் திருகும் ஆணி மாறுகிறது.

துணைவினைகளைப் பற்றி நான் சொல்லாவிட்டால் என் ஆசிரியர்கள் மன்னிக்கமாட்டார்கள். தமிழ்த் துணைவினைகளைப் பற்றி இ. அண்ணாமலை 1985-இல் ஒரு முழு நூலே எழுதினார். தாமஸ் லேமனின் 1989-ஆம் ஆண்டு இலக்கணமும் அவற்றை விரிவாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் நம் வகுப்பறையில் எடுத்துக்காட்டுகள் இன்றும் 'உடைத்துவிட்டான்', 'சாப்பிட்டுவிட்டான்' என்ற அளவிலேயே நிற்கின்றன. திண்ணையில் கேட்டது இது. ஸ்டியரிங்கைத் திருப்புதற்கு இவ்வூர்களில் வினை 'ஒடி'. மலையாளத்திலும் அதே வேர்தான். 'ஒடிச்சு விடு' என்றால் ஒரு வெட்டுப் போட்டு உடனே கையைத் தளர்த்து. 'ஒடிச்சுப் பிடி' என்றால் திருப்பிய கோணத்திலேயே நிறுத்து. 'ஒடிச்சு வை' என்றால் வளைவு வருமுன்பே திருப்பிக் காத்திரு. 'ஒடிச்சுக் குடு' என்றால் வண்டி ஏற்றுக்கொள்ளும் அளவுக்குச் சிறிது சிறிதாகத் திருப்பு. நான்கு தனித்தனி ஓட்டுமுறைகள். முதல் வினை ஒன்றே. ஆக்சிலேட்டரைத் தொடர்ந்து அழுத்துவது 'குடுத்துட்டே இரு'. இடைவிட்டு அழுத்துவது 'விட்டு விட்டுக் குடு'. எச்சத்தை இரட்டித்தால் செயல் துண்டுதுண்டாகிறது. இதை எந்த ஆசிரியரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. தாய்ப்பாலோடு வந்த இலக்கணம்.

ஒருவன் முன்னே ஓட, மற்றவன் ஒட்டித் தொடரும் இணை டிரிஃப்டில் பின்னால் வருபவனுக்கு முன்னால் போகிறவன் குரல்வழியாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு முறை கேட்டு எழுதிவைத்த வாக்கியம்: "வெளிய ஒதுங்கி, உள்ள ஒடிச்சு, கிளட்ச்ச ஒரு ஒத ஒதச்சு, வால விட்டு, எதிர்ல பிடிச்சு, விட்டு விட்டுக் குடுத்துட்டே வா." வளைவுக்கு முன் எதிர்ப்பக்கம் ஒதுங்கி எடையை ஒரு பக்கம் ஏற்றி, உடனே உட்புறம் திருப்பி, கிளட்ச்சைத் தட்டிப் பின்சக்கரத்துக்கு ஓர் அதிர்ச்சி கொடுத்து, பற்றை அறுத்து, எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஆக்சிலேட்டரால் கோணத்தை நிலைநிறுத்தும் முழு நுட்பமும் வினையெச்சங்களின் ஒரே சங்கிலியில் இருக்கிறது. ஒரே ஒரு முற்று. வரிசை பிழைத்தால் வண்டி சுற்றிவிடும். எச்சங்களின் வரிசையும் அதே வரிசைதான். இப்படிப் பேசுகிறவனுக்கு மொழி அரைகுறை என்று எப்படிச் சொல்வது?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 'வண்டி சறுக்கிவிட்டது' என்றால் விபத்து. 'வண்டியைச் சறுக்கவிட்டான்' என்றால் டிரிஃப்ட். இறந்தகால எச்சத்தோடு 'விடு' சேர்ந்தால் நம் கையை மீறி நடந்து முடிந்தது. செயவென் எச்சத்தோடு அதே 'விடு' சேர்ந்தால் நாம் இடம் கொடுத்து நடத்தியது. இகரத்துக்கும் அகரத்துக்கும் இடைப்பட்ட தூரம். டிரிஃப்டின் முழு வரையறையும் அந்த ஓர் எழுத்து மாற்றத்தில் அடங்கியிருக்கிறது: தன்னால் நிகழ்வதை ஒருவர் செய்விப்பதாக மாற்றுவது. ஆங்கிலம் இதற்கு 'ஸ்கிட்', 'டிரிஃப்ட்' என்று இரண்டு வேறு சொற்களைத் தேட வேண்டியிருந்தது. நாம் செய்து தரும் 'சறுக்கோட்டம்' இந்த வேறுபாட்டை முதல் அடியிலேயே அழித்துவிடுகிறது. அது சறுக்கியதா, சறுக்கவிட்டதா? பெயர்ச்சொல்லிடம் விடை இல்லை.

சறுக்கவிடும் கலை மலையில் பிறந்தது என்பது இங்கே தற்செயலாகப் பொருந்துகிறது. 1970களில் ஜப்பானியப் பந்தய வீரர் குனிமிட்சு தகாஹாஷி பந்தயத் தடத்தில் காட்டியதைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுச்சியா, அதை மலைப்பாதை வளைவுகளில் பயின்று பெயர் பெற்றார். 1995-இல் தொடங்கிய ஷிகேனோ ஷூயிச்சியின் 'இனிஷியல் டி' என்னும் படக்கதை குன்மா பகுதியின் மலைப்பாதைகளையும் டொயோட்டா ஏஇ86 என்ற பழைய காரையும் உலகெங்கும் கொண்டுபோனது. விளையாட்டுகள் அதன் வழியே வந்தவை. மொழியளவில் கவனிக்கத்தக்கது இது: ஜப்பானியர் 'டிரிஃப்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை 'டொரிஃபுட்டோ' என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள், வெட்கப்படவில்லை. பிறகு அதன் முன்னே தம் சொல்லைச் சேர்த்து 'கன்செய் டொரிஃபுட்டோ' என்று, எடையின் உந்துதலால் மட்டும் நிகழும் வகைக்குப் பெயர் வைத்தார்கள். கணவாயைக் குறிக்கும் 'தோகே' என்ற தம் சொல்லையோ ஆங்கிலம் பேசும் விளையாட்டுக்காரர்களின் வாயில் ஏற்றிவிட்டார்கள். இரவல் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுக்கும்போது வேறொன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தத் 'தோகே'க்கு இணையான சொல் நம்மிடம் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது: போடிமெட்டு, கம்பம்மெட்டு. மேட்டோடு உறவுடைய 'மெட்டு', மலையேறி மறுபக்கம் இறங்கும் வழியின் தலைப்பகுதி. நாள்தோறும் ஏலத்தோட்ட வேலைக்குத் தேனி மாவட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அதன் வழியாகத்தான் மலையேறுகின்றன.

அதே போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போனால் 40. 'கொண்டை ஊசி வளைவு' என்பது ஆங்கிலத்தின் நேர் பெயர்ப்புத்தான். ஆனால் அது நிலைத்துவிட்டது. காரணம் சொல் அழகாக இருந்தது மட்டுமன்று. நெடுஞ்சாலைத் துறை அதை வளைவுக்கு வளைவு பலகையில் எழுதி நட்டுவைத்தது. 9/40 என்று எண்ணிக்கையும் போட்டது. பயணியின் வயிறு புரளும் அந்த நொடியில் கண்ணெதிரே சொல் நிற்கிறது. கேரளப் பக்கம் இறங்கினால் அது 'ஹேர்பின்' ஆகிவிடும். அதனால் மலையாளம் தேய்ந்துவிடவும் இல்லை. கலைச்சொல்லின் வாழ்வு அது தூய்மையா கலப்பா என்பதைப் பொறுத்ததன்று, தேவைப்படும் இடத்தில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டு அரசின் 'சொற்குவை' போன்ற திட்டங்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல் என்ற அதன் அமைப்பில் 'ஒடிச்சு வை'க்கும் 'ஒடிச்சுக் குடு'வுக்கும் இடமே இல்லை.

இனி எதிர்ப்பக்கம். திண்ணையைக் கோயிலாக்கிவிடும் எண்ணம் எனக்கில்லை. இந்த மொழிக்கும் ஓர் எல்லை உண்டு, அது மிகத் தெளிவாகத் தெரியும் எல்லை. என்ன நடக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதை இவர்கள் நுட்பமாகச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. ஃபோர்ஸாவில் ஒருவர் அமைத்த டியூனை ஒன்பது இலக்க எண்ணாகப் பகிரலாம். எண்ணைத் தட்டினால் காற்றழுத்தம், கேம்பர், ஸ்பிரிங், டிஃபரன்ஷியல் எல்லாம் அப்படியே வந்து அமர்ந்துவிடும். கார்எக்ஸ் ஆடுவோர் திரைப்படங்களைப் பரிமாறி எண்களைப் பார்த்து எழுதுகிறார்கள். 'டிஃபரன்ஷியல் 100-ல வை' என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் நூறு? "அப்படித்தான் வைக்கணும்."

இத்தனைக்கும் காரணம் அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் தொங்கினால் அது மட்டும் சும்மா சுற்றும், தரையில் நிற்கும் மறுசக்கரம் அசையாது. ஓட்டுநரின் மகனுக்கு இது பிள்ளைப் பருவத்திலிருந்தே தெரிந்த காட்சி. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒன்றுக்குப் பற்றே இல்லையென்றால் மற்றதற்கும் அந்த அற்ப அளவே போகும். பூட்டிவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். டிரிஃப்டில் வண்டி வெளிப்பக்கம் சாய்வதால் உட்சக்கரத்தின் மேல் எடை குறைகிறது. பூட்டு இல்லாவிட்டால் அது மட்டும் ஜீப்பின் தொங்கும் சக்கரம்போல் வீணாகச் சுற்றும், வெளிச்சக்கரம் பற்றை மீட்டுக்கொள்ளும், சறுக்கல் பாதியில் அறுந்துவிடும். நூறு என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து பற்றை விடுகின்றன, சேர்ந்தே நழுவுகின்றன, கோணம் நிலைக்கிறது. இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குப் புதிய கலைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் இதைத் தமிழில் ஐந்து வாக்கியங்களில் எழுதி அந்தப் பையன் கையில் கொடுத்தவர் எவருமில்லை. தந்தையின் ஜீப்பையும் மகனின் கைபேசியையும் இணைக்கும் வாக்கியம்தான் இல்லாமற் போயிற்றே தவிர, சொல் அன்று.

அந்தப் பையன் நாளை ஐடிஐ-யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்வான். இரவில் "முன்னாடி கேக்க மாட்டேங்குது" என்று பிசகாமல் நோயறிந்தவன், பகலில் 'அண்டர்ஸ்டியர்' என்பதன் வரையறையை ஆங்கிலத்தில் உருப்போட்டு, ஒரு சொல் மறந்ததால் மதிப்பெண் இழப்பான். விரிவுரையாளர் தலையை ஆட்டி, 'எல்லைப் பிள்ளை, மொழி போதாது' என்பார். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ்வழி படித்துவிட்டு வரும் மாணவர்களோடு பேசிப்பாருங்கள். பாடத்தைவிட இந்தத் தலையாட்டல்தான் அவர்களுக்கு நினைவிருக்கிறது.

'அரைமொழி' என்னும் கருத்துக்கு ஒரு வரலாறும் உண்டு என்பதை மாணவ நண்பர்கள் அறிய வேண்டும். 1968-இல் நில்ஸ் எரிக் ஹான்செகோர்ட் என்ற ஸ்வீடிஷ் அறிஞர், ஸ்வீடன்-பின்லாந்து எல்லைப் பள்ளத்தாக்கில் பின்னிஷ் பேசி ஸ்வீடிஷில் படித்த பிள்ளைகளை முன்வைத்து அந்தக் கருத்தை நூலாக எழுதினார். அதுவும் எல்லைதான். அவருக்கு அம்மக்கள்மேல் இருந்தது அக்கறையே. தாய்மொழிக் கல்வி வேண்டும் என்பதற்காகவே வாதிட்டார். ஆனால் சொல் கைமாறியதும் பள்ளியின் குறை பிள்ளையின் குறையாக மாறிவிட்டது. பின்வந்த மொழியியலாளர் பலரும் அதை மறுத்தனர்: பள்ளி வைத்த தேர்வில் எத்தனைச் சொல் தெரிகிறது என்று எண்ணிவிட்டு, அதையே மொழித்திறன் என்று அழைக்கலாகாது என்பது மறுப்பின் சாரம். நம் ஊரில் நாம் எண்ணுவதும் பெயர்ச்சொற்களைத்தான். படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கிறோம். 'இது என்ன செய்கிறது?' என்று கேட்பதில்லை.

விளையாட்டை ஆய்வுப்பொருளாக எடுத்தால், சாலையில் ஆபத்தாக ஓட்டுவதை ஊக்குவிக்கிறோமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். மூணாறு கேப் ரோட்டில் காரின் சன்னலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களை மோட்டார் வாகனத் துறை பிடித்த செய்திகளை நானும் படிக்கிறேன். வடக்கஞ்சேரியில் 2022 அக்டோபரில் சுற்றுலாப் பேருந்து மோதி ஒன்பது பேர் இறந்தது பாலக்காட்டார் மறக்கக்கூடியதன்று. ஆனால் வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பதினாறு வயதுப் பையன் சட்டத்துக்கு உட்பட்டு ஒரு காரின் சஸ்பென்ஷனைத் திருகிப் பார்க்கக்கூடிய ஒரே இடம் கைபேசித் திரைதான். எல்லையிலிருந்து அதிகத் தொலைவில்லாத செட்டிபாளையத்தில், கோவையின் கரிவர்தன் நினைவாக 2003-இல் திறந்த கரி பந்தயத் தடம் இருக்கிறது. அதில் ஓட்டும் வசதி ஏலத்தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு எட்டாது. தவிரவும் இளைஞர்களே வேறுபாட்டை அறிவார்கள். விளையாட்டில் அவர்கள் ஏவலில் பேசுகிறார்கள்: வால விடு, ஒத, குடு. அதே பையன் மழையில் பைக்கை எடுக்கும் தம்பியிடம் பேசும்போது வினை எதிர்காலத்துக்குப் போய்விடுகிறது: "பாத்துப் போடா, வாரிரும்." சறுக்கவிடுவதற்குரிய இடமும் சறுக்கிவிடும் இடமும் வேறு என்பது இலக்கணத்திலேயே தெரிகிறது. திரும்ப எடுத்து ஓட்டும் 'ரிவைண்ட்' பொத்தான் போடிமெட்டில் இல்லை என்று அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்போருக்கு ஒன்றைச் சொல்வேன். தமிழ்த் துறைகளும் மொழியியல் துறைகளும் கலைச்சொல் பட்டறை நடத்தும்போது ஒரு மெக்கானிக்கையும் ஒரு ஜீப் ஓட்டுநரையும் இப்படி விளையாடும் மாணவர் ஒருவரையும் அழைத்து உட்காரவைக்கலாம். சைக்கிள் கடையில் வளைந்த சக்கரத்தை நிமிர்த்துவதை இன்றும் 'கோட்டம் எடுக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். நேர்மையின் எதிர்ப்பதமாக நாம் இலக்கியத்தில் படிக்கும் அதே கோட்டம், கிரீஸ் படிந்த கையில் நலமாக இருக்கிறது. சக்கரத்தில் பெயர்ச்சொல் வாழ்வதும் 'எடு' என்ற வினையின் துணையோடுதான். கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் நடத்திய 'கலைக்கதிர்' சொற்பட்டியலாக வரவில்லை, கட்டுரைகளாக வந்தது. விளக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்குச் சொற்கள் வழியில் கிடைத்தன. கேம்பர் கேம்பராகவே இருக்கட்டும். சக்கரம் உள்ளே சாய்ந்தால் வளைவில் என்ன ஆகிறது என்பதை எழுதுவோம்.

பாடநூலில் பேச்சுவழக்கா என்ற முணுமுணுப்பு இப்போதே கேட்கிறது. 'கேக்க மாட்டேங்குது' என்பதை 'கேட்க மறுக்கிறது' என்று எழுதினால் அது எழுத்துவழக்கு. அதற்கு ஒரு விநாடி போதும். 'வால் முந்துகிறது' என்பதில் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

நண்பர்களிடம் ஓர் உதவியும் வேண்டும். டியூனிங் பட்டியலில் 'கேஸ்டர்' என்று ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் அச்சு பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதன் அளவு அது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது பெரும்பாலும் அதனால்தான். டிரிஃப்டில் இதைக் கூட்டி வைப்பார்கள். எதிர்த்திசைப் பிடியை வண்டியே தேடிக்கொள்ளும். கொழிஞ்சாம்பாறையில் இதற்கு "தானா வருது" என்றும், பூப்பாறையில் ஒருவர் "எடுத்துக்குது" என்றும் சொல்லக் கேட்டேன். மலையாளத்தில் ஸ்டியரிங்குக்கு வளையம் என்ற சொல் இருப்பதால் அதையொட்டி வேறு வினை ஏதேனும் இருக்கக்கூடும். குமுளி, கம்பம்மெட்டு, அட்டப்பாடி, வால்பாறைப் பக்கம் உள்ளவர்கள் அங்குள்ள ஜீப், லாரி ஓட்டுநர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் வினையைத் திருத்தாமல் அப்படியே கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயர் போதும். ஆள் பெயர் வேண்டாம்.